சுவரில் ஓடும் சித்திரப் பல்லி

மாணவர்களே, உங்கள் வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டால், குடும்ப அட்டையைப் பார்த்து நான்கு அல்லது ஐந்து என்று சொல்லிவிடுவீர்கள். அந்த அட்டையில் பெயர் ஏறாதவர்கள் பலர் அதே வீட்டில் குடியிருக்கிறார்கள். விளக்கருகே காத்திருக்கும் பல்லி, சர்க்கரை டப்பாவைத் தேடி வரிசையாய்ப் போகும் எறும்பு, பரணில் உருட்டும் எலி, மூலையில் வலை கட்டிய சிலந்தி, தாழ்வாரத்துச் சந்தில் கூடு வைத்த குருவி, அழைக்காமலே வந்து அடுப்படியில் படுக்கும் பூனை. ஈயையும் கொசுவையும் எண்ணவே வேண்டாம்.

இவர்களையெல்லாம் வைத்து உங்கள் பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு ஓர் அசையும் சித்திரக் காட்சி அமைக்கலாமா? திரையில் ஓடும் சினிமா அன்று. ஓர் அறைக்குள் நுழைகிறோம். அறையின் சுவரே திரை. சுவரோரமாகச் சித்திர எறும்புகள் ஊர்கின்றன. கடிகாரத்தின் பின்னாலிருந்து சித்திரப் பல்லி எட்டிப் பார்க்கிறது. பார்ப்பவர் நாற்காலியில் உட்காராமல் அறைக்குள் நடந்து திரிகிறார். இப்படி ஓர் இடத்தையே படைப்பாக அமைப்பதை மேல்நாட்டுக் கலைஞர்கள் ‘இன்ஸ்டலேஷன்’ என்பார்கள். நாம் காட்சியமைப்பு என்போம். அமெரிக்கக் கலைஞர் டக் எய்ட்கன் 2008-ஆம் ஆண்டில், ஆளில்லாத விடுதி அறைகளுக்குள் காட்டெருமை, மான், ஆந்தை முதலிய காட்டு விலங்குகள் உலவுவதைப் படமெடுத்து இவ்வாறு பெருந்திரைகளில் காட்டினார். அவர் உயிருள்ள விலங்குகளைப் படம் பிடித்தார். நாம் வரையப் போகிறோம். வரைவதில்தான் இயற்பியல் நிறைய இருக்கிறது.

இன்னொரு கேள்வியையும் இப்போதே மனத்தில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாம் வரையும் படம் யாருடைய கண்ணுக்காக?

அசைவு எங்கே இருக்கிறது?

சினிமாவில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன என்பதை அறிவீர்கள். அவற்றில் ஒவ்வொன்றும் அசையாத படம். பிறகு அசைவு எங்கிருந்து வருகிறது? கண்ணில் விழுந்த பிம்பம் சற்று நேரம் நீடிப்பதால் என்று பல பாடநூல்கள் விடை சொல்லும். அது பாதி விடைதான். பிம்பங்கள் நீடிப்பதால் மட்டும் அசைவு தோன்றாது. ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்பிய படந்தான் தோன்றும். 1912-இல் ஜெர்மானிய உளவியலறிஞர் மாக்ஸ் வெர்தைமர் ஒரு சோதனை செய்தார். அருகருகே உள்ள இரண்டு கோடுகளை மாறிமாறி ஒளிரச் செய்தார். இடைவெளி மிக நீண்டபோது இரண்டு தனித்தனிக் கோடுகள் தெரிந்தன. மிகக் குறைந்தபோது இரண்டும் ஒரே சமயத்தில் எரிவதாகத் தெரிந்தன. இடைவெளி ஏறத்தாழ 60 மில்லி வினாடியாக இருந்தபோதோ, ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதாகத் தெரிந்தது! நடுவில் எதுவும் இல்லை. இல்லாத பயணத்தை மூளையே இட்டு நிரப்பியது.

ஆகவே நமக்கு இரண்டு தேவைகள். ஒன்று, அசைவு தோன்ற வேண்டும். இதற்கு வினாடிக்கு 12 சித்திரங்களே போதும். மற்றொன்று, ஒளி சிமிட்டக் கூடாது. இதற்கு 12 போதாது, 24 கூடப் போதாது. அதனால்தான் பழைய சினிமா புரொஜெக்டரில் ஒவ்வொரு படத்தின் மீதும் ஒளியை இரண்டு முறை மறைத்துத் திறந்து, வினாடிக்கு 48 சிமிட்டல்களாக்கினார்கள். இன்றைய புரொஜெக்டர் இந்தக் கவலையைத் தானே பார்த்துக்கொள்கிறது. நாம் 12 சித்திரங்கள் வரைந்து, ஒவ்வொன்றையும் இருமுறை காட்டச் செய்தால் போதும்.

வரையும் முன் பார்க்க வேண்டும்

பூனை நடக்கும்போது எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறது? இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு தாளில் நடக்கும் பூனையை வரைந்து பாருங்கள். தவறாக வரைந்திருந்தால் வெட்கப்பட வேண்டாம்; பெரிய ஓவியர்களும் தவறியிருக்கிறார்கள். நான்கு கால் விலங்குகள் பொதுவாக நடக்கும் வரிசை இது: இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால். ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் 2012-இல் பழைய, புதிய ஓவியங்கள் ஏராளமானவற்றை இந்த வரிசையோடு ஒப்பிட்டார்கள். 1880-களுக்கு முந்திய ஓவியர்களின் படைப்புகளில் நூற்றுக்கு 83-க்கு மேல் பிழை. அதற்குப் பிந்தியவற்றில் 58 அளவுக்குக் குறைந்தது. குகைகளில் வாழ்ந்த ஆதிமனிதர்களின் ஓவியங்களிலோ பிழை 46 தான்! விலங்கின் கால்களைக் கவனிப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று, சாப்பாட்டுப் பிரச்சினை.

நடுவில் பிழை குறைந்ததற்குக் காரணம் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற ஒளிப்படக்காரர். 1878-இல் கலிபோர்னியாவில் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையைத் தொடர் படங்களாக எடுத்தார். மறு ஆண்டிலேயே அந்தப் படங்களைப் பார்த்துக் கண்ணாடி வட்டத்தில் வரையச் செய்து, சுழற்றித் திரையில் ஓடவிட்டார். ஒரு வகையில் நாம் செய்யப்போவதும் அதுதான்.

அவருக்கு 12 கேமராக்கள் தேவைப்பட்டன. இன்று பல கைப்பேசிகளில் வினாடிக்கு 240 படம் எடுக்கும் வசதி உள்ளது. வீட்டில் யாரிடமாவது அத்தகைய கைப்பேசி இருந்தால் சிறிது நேரம் கேட்டு வாங்குங்கள். சுவரில் ஓர் அடிக்கோலை ஒட்டிவைத்து, அதன் அருகே எறும்பு வரிசை போவதைப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தால், எறும்பின் ஆறு கால்களும் மூன்று மூன்றாகப் பிரிந்து வேலை செய்வது தெரியும். ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும், மறுபக்கத்து நடுக்காலும் ஓர் அணி. ஓர் அணி தரையில் முக்காலியாய் நிற்க, மற்ற அணி முன்னே போகிறது. முக்காலி ஆடாது என்பது நம் பாட்டிகளுக்கும் தெரியும். இதனால் எறும்பு நடப்பதைச் சித்திரமாக்குவது சுலபம். முக்கியமான நிலைகள் இரண்டே. இடையில் இரண்டு சேர்த்தால் நான்கு சித்திரங்கள். அவற்றையே திரும்பத் திரும்பக் காட்டலாம். முதலில் வரைய வேண்டியது எறும்பைத்தான் என்பது என் கருத்து. ஆர்வத்தில் எல்லாரும் பூனையில் தொடங்கி, மூன்றாம் நாள் கைவிட்டுவிடுகிறார்கள்.

பல்லி தரும் தொல்லை

பல்லி ஓடும்போது எதிரெதிர் மூலைக் கால்கள் ஒன்றாக நகரும்: வலது முன்காலோடு இடது பின்கால். உடல் பாம்புபோல் இருபுறமும் வளையும். வரைவது கடினமன்று. கடினம் வேகத்தில் இருக்கிறது. விரைந்து ஓடும் பல்லி ஒவ்வொரு பாதத்தையும் வினாடிக்குப் பத்து, பதினைந்து முறை ஒட்டி எடுக்கிறது. நம்மிடமோ வினாடிக்கு 12 சித்திரங்களே உள்ளன. என்ன ஆகும்?

பல்லி சரியாக 12 எட்டு வைக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு சித்திரமும் ஓர் எட்டு முடிந்த நிலையைக் காட்டும். அதாவது எல்லாச் சித்திரத்திலும் கால் ஒரே இடத்தில் இருக்கும். பல்லி காலையே அசைக்காமல், எண்ணெய் தடவிய சுவரில் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும். 11 எட்டு வைத்தால் இன்னும் வேடிக்கை. ஒவ்வொரு சித்திரத்திலும் கால் முழுச்சுற்றில் பன்னிரண்டில் பதினொரு பங்கு முன்னேறியிருக்கும். மூளை அதை ஒரு பங்கு பின்னேறியதாகவே எடுத்துக்கொள்ளும். பல்லி முன்னே போகும். கால்களோ பின்னோக்கி நடக்கும்! சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதைக் கண்டிருக்கிறீர்களே, அதே விந்தைதான். ஓர் அசைவைச் சரியாகக் காட்ட, அது ஒருமுறை நிகழும் காலத்துக்குள் இரண்டுக்கு மேற்பட்ட படங்களாவது வேண்டும். இது சினிமாவுக்கு மட்டுமன்றி, ஒலிப்பதிவுக்கும் தொலைபேசிக்கும் உரிய விதி.

இங்கே நாம் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பல்லியின் வேகத்தைக் குறைத்து வினாடிக்கு மூன்று எட்டு ஆக்கினால் எட்டுக்கு நான்கு சித்திரம் கிடைக்கும்; அழகாக நடக்கும். ஆனால் அது பல்லியின் நடையன்று, ஓணானுக்குக்கூடப் பொருந்தாது. வேறொரு வழி உண்டு. நம் கண்ணுக்கு உண்மையான பல்லியின் கால் தெளிவாகவா தெரிகிறது? ஒரு மங்கலாகத்தானே தெரிகிறது! வினாடிக்கு 60 சென்டிமீட்டர் ஓடும் பல்லியை 48-இல் ஒரு வினாடி திறந்திருக்கும் கேமராவில் எடுத்தால், அதன் உருவம் ஒன்றேகால் சென்டிமீட்டர் இழுபட்டு விழும். நாமும் அப்படியே கால்களைத் தீற்றலாக வரைவோம். பல்லியை வெகுநேரம் அசையாமல் நிறுத்துங்கள். பிறகு நான்கே சித்திரங்களில் ஒரு பாய்ச்சல். மறுபடி நிறுத்தம். பல்லி உண்மையில் வாழ்வதும் இப்படித்தான்: பெரும்பகுதி நேரம் காத்திருத்தல், ஒரு நொடி ஓட்டம்.

நின்றிருக்கும் பல்லி முதல் அடி எடுப்பதை மட்டும் பெரிதாக்கி வரைய வேண்டும். அது பாதத்தை நம்மைப்போல் குதிகாலிலிருந்து தூக்குவதில்லை. விரல் நுனிகளை மேல்நோக்கிச் சுருட்டி, ஒட்டிய தாளை உரிப்பதுபோல் உரித்தெடுக்கிறது. பல்லியின் விரலடியில் பசை எதுவும் இல்லை. நுண்ணிய மயிர்கள் இலட்சக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு மயிரும் நுனியில் நூற்றுக்கணக்காகப் பிளந்திருக்கிறது. அந்த நுனிகள் சுவருக்கு மிக நெருங்கி அமர்வதால், மூலக்கூறுகளுக்கிடையே உள்ள வாண்டர் வால்ஸ் கவர்ச்சியே பல்லியைத் தாங்குகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2002-இல் நிறுவினார்கள். மயிருக்கும் சுவருக்கும் இடையே உள்ள கோணம் 30 பாகையை ஒட்டி உயர்ந்ததும் பிடி விட்டுப்போகிறது. விரலைச் சுருட்டுவது இதற்காகத்தான். பல்லி யார் தலையில் விழுந்தால் என்ன பலன் என்று நம் தினசரி நாள்காட்டிகள் பட்டியல் போடுகின்றன. இத்தனை நல்ல பிடி உள்ள பிராணி ஏன் விழுகிறது என்று ஒரு நாள்காட்டியும் கேட்பதில்லை. ஈரச் சுவரும் உதிரும் சுண்ணாம்பும் காரணமாகலாம் என்று நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

ஆயிரத்தொரு வினாடி

கண்காட்சி நாள் முழுதும் நடக்கும். அதற்கு எத்தனை சித்திரம் வரைவது? 1914-இல் அமெரிக்க ஓவியர் வின்ஸர் மெக்கே, ‘கெர்ட்டி’ என்ற டைனோசரைச் சித்திரமாக வரைந்து திரையில் ஓட்டினார். தாமே மேடையில் நின்று அதற்குக் கட்டளையிட்டார். கடைசியில் படத்துக்குள் நுழைந்து அதன்மீது ஏறிச் செல்வதாகவும் காட்டினார். ஆயிரக்கணக்கில் வரைந்த அவரே, அது நின்றபடி மூச்சு வாங்கும் இடங்களில் சில சித்திரங்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். நாம் அதையே கொஞ்சம் கணிதத்தோடு செய்வோம்.

பல்லிக்கு 7 வினாடிப் படம், எறும்புகளுக்கு 11 வினாடிப் படம், குருவிக்கு 13 வினாடிப் படம் வரையுங்கள். முடிந்ததும் ஒவ்வொன்றும் தனித்தனியே முதலிலிருந்து தொடங்கட்டும். மூன்றும் மறுபடி ஒரே கணத்தில் சேர்ந்து தொடங்குவது எப்போது? மீச்சிறு பொது மடங்கு: 7 × 11 × 13 = 1001 வினாடி. ஏறக்குறைய 16 நிமிடம் 41 வினாடிக்கு ஒரே காட்சி மீண்டும் வராது! வரைய வேண்டியது 31 வினாடிக்கு, அதாவது 372 சித்திரங்கள். நேராக வரைந்திருந்தால் 12,012 ஆகியிருக்கும். 6, 10, 12 என்று எடுத்திருந்தால் ஒரு நிமிடத்திலேயே காட்சி திரும்பிவிடும். ஏன் என்பதைப் போட்டுப் பாருங்கள். கணினியில் மூன்று படங்களையும் அடுக்கி, 1001 வினாடிக்கு ஒரே படமாகச் சேர்த்துக்கொண்டால் ஒரு புரொஜெக்டரே போதும்.

கறுப்பை எறிய முடியாது

சித்திரம் தயார். சுவரில் விழச் செய்யும்போது பலருக்கும் முதல் ஏமாற்றம் இங்கேதான். வெள்ளைச் சுவரில் கறுப்பு எறும்பைக் காட்ட வேண்டும். புரொஜெக்டர் ஒளியைத்தான் எறியும், இருளை எறியாது. எறும்பு கறுப்பாகத் தெரிய வேண்டுமானால் எறும்பைச் சுற்றியுள்ள சுவர் முழுவதும் ஒளிர வேண்டும். உடனே சுவரில் ஒரு பெரிய வெளிச்சச் சதுரம் வந்துவிடும், சுவர் திரையாகிவிடும், வீடு என்ற உணர்வு போய்விடும். ஆகவே பின்புலத்தை முழுக் கறுப்பாக விட்டு, பிராணிகளை வெளிர் நிறத்தில் வரையுங்கள். பல்லி தானாகவே வெளிறியது, தொல்லையில்லை. எறும்புக்குச் செம்பழுப்பு கொடுங்கள்.

புரொஜெக்டரை எவ்வளவு தூரத்தில் வைப்பது? 2000 லூமென் ஒளி தரும் கருவி, 2 சதுர மீட்டர் பரப்பில் படம் காட்டினால் சதுர மீட்டருக்கு 1000 லூமென், அதாவது 1000 லக்ஸ். தூரத்தை இரு மடங்காக்கினால் படத்தின் நீளமும் அகலமும் இரு மடங்காகும். பரப்பு 8 சதுர மீட்டர். வெளிச்சம் 250 லக்ஸாக இறங்கும். குழல் விளக்கு எரியும் அறையில் சுவர்மீது ஏற்கெனவே 100 லக்ஸை ஒட்டி விழுந்துகொண்டிருக்கும். ஆகவே விளக்கை அணைக்க வேண்டும். இல்லையேல் படத்தைச் சிறிதாக்க வேண்டும். கருவியைக் கீழே வைத்துச் சாய்த்து எறிந்தால், தூரம் கூடிய மேல்பகுதி பெரிதாகி, படம் தலைகீழ் ஆப்புபோல் விரியும். முதலில் ஒரு சதுரக் கட்டத்தை எறிந்து, சுவரில் அது எப்படிக் கோணுகிறது என்று பார்த்து, அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.

யாருடைய கண்ணுக்கு?

இப்போது முதலில் போட்டு வைத்த கேள்விக்கு வருவோம். 12 சித்திரம், சிமிட்டாத ஒளி, சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறக் கலவை, இவை யாவும் மனிதக் கண்ணை அளந்து செய்தவை. அதே அறையில் உட்கார்ந்திருக்கும் ஈக்கு இந்த ஏற்பாடு செல்லாது. ஒளிச் சிமிட்டலை நம் கண் ஏறத்தாழ வினாடிக்கு 60 வரைதான் பிரித்தறியும். நாய் 70, 80 வரை அறியும். ஈ 250 வரை அறியும். பழைய வகைச் சோக் பொருத்திய குழல் விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. நமக்குத் தெரியவில்லை, ஈக்கு அது ஓயாத மின்வெட்டு. உங்கள் 240 படக் கைப்பேசியால் அந்த விளக்கைப் படமெடுத்து மெதுவாக ஓட்டுங்கள். ஈயின் கண்ணுக்கு எட்டுவது ஓரளவு தெரியும். நம் சித்திரப் பல்லியைக் கண்டு ஈ பயப்படாது. அதற்கு அது பல்லியே அன்று. ஒன்றன்பின் ஒன்றாக மாட்டப்படும் பன்னிரண்டு பல்லிப் படங்கள்.

நிறமும் அப்படியே. நாய்க்கு நிறவுணர் செல்கள் இரண்டு வகைதான். குருவிக்கு நான்கு வகை. புற ஊதாவும் அதற்குத் தெரியும், நம் புரொஜெக்டரில் அது இல்லை. பல்லிகளின் கண் இன்னும் வியப்பு. வடமேற்கு ஆப்பிரிக்காவில் வாழும் ஓர் இரவுப் பல்லி, நமக்கு எல்லாமே சாம்பல் நிறமாகத் தெரியும் மங்கிய நிலவொளியிலும் நிறங்களைப் பிரித்தறிகிறது என்று, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள். அதன் கண்ணின் உணர்திறன் நம் நிறப்பார்வையைப்போல் 350 மடங்கு. அப்படிப்பட்ட கண்ணுக்கு நேரே 2000 லூமென் விளக்கைப் பிடிப்பது என்ன செயல் என்று எண்ணிப் பாருங்கள்.

விலங்குகளோடு வீட்டைப் பகிர்வது பற்றிய காட்சிக்காக, அந்த விலங்குகளை வீட்டிலிருந்து விரட்டிவிடக் கூடாது அல்லவா? இது வெறும் பேச்சன்று. அறையை இருட்டாக்க எல்லா ஜன்னலையும் அடைக்கச் சொன்னேன். உள்ளே குருவிக் கூடு இருந்தால்? குஞ்சு உள்ள கூட்டுக்குத் தாயும் தந்தையும் பகல் முழுதும் இரை கொண்டுவந்தபடி இருக்கும். ஒரு பிற்பகல் அடைத்தாலே குஞ்சுகள் பட்டினி. எனவே கூடுள்ள அறையில் காட்சி வேண்டாம். வேறு அறை பாருங்கள். அங்கே மின்விசிறியையும் சுழல விடாதீர்கள். படமெடுக்கப் பல்லியைப் பிடித்துப் புட்டியில் அடைக்க வேண்டாம். பயந்தால் வாலை விட்டுவிட்டு ஓடும். வால் திரும்ப வளரும்தான், ஆனால் அதில் சேர்த்த கொழுப்புச் சேமிப்பு போனது போனதே. பல்லிக்கு நஞ்சில்லை. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி அதன் உடலில் இருக்கலாம் என்பதால், தொட நேர்ந்தால் சோப்புப் போட்டுக் கைகழுவினால் போதும்.

மாலை ஏழு மணிக்குமேல் காட்சியை வைத்தால் இருட்டும் கிடைக்கும், குருவிகளும் அடைந்துவிடும். ஒன்றுக்குத் தயாராயிருங்கள்: வெளிச்சத்தை நாடிப் பூச்சிகள் வரும், பூச்சியை நாடி நிஜப் பல்லி வரும். நம் சித்திரப் பல்லிக்கு அருகில் அது வந்து நின்றால், இரண்டில் எது நிஜம் என்று பார்ப்பவர்கள் கேட்டால், உங்கள் 372 சித்திரங்களுக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

கொசுவை விட்டுவிட்டேனே என்கிறீர்களா? அதன் சிறகு வினாடிக்கு ஏறத்தாழ 400 முதல் 600 முறை அடிக்கிறது. 24 சித்திரத்தில் அதைப் பிடிக்க முடியாது. ஆனால் அதே 400, 600 அதிர்வுகள் நம் காதுக்குத் தெளிவான ஒலி. ஆகவே கொசுவை வரைய வேண்டாம். அந்த ரீங்காரத்தைப் பதிவு செய்து, அறையின் இருண்ட மூலையில் ஆள் காது உயரத்தில் ஒரு சிறு ஒலிபெருக்கியை மறைத்து வையுங்கள். எத்தனை பேர் தம் கழுத்தைத் தாமே தட்டிக்கொள்கிறார்கள் என்று எண்ணுவதற்கு ஒரு மாணவரை நிறுத்தி வைக்க மறவாதீர்கள்.